நிலமும் தண்டனையும்: பொட்டுக்கட்டு ஒழிப்பும் சென்னைச் சட்டசபையும், 1927–1947

நலிந்தோரைக் காக்கச் சட்டம் இயற்ற முற்படும் ஓர் அவை, அவர்களை எதனிடமிருந்து காக்கப்போகிறது என்பதோடு, காத்தபின் அவர்கள் எதைக்கொண்டு வாழ்வார்கள் என்பதற்கும் விடை கண்டாக வேண்டும். முதல் கேள்வி உறுப்பினர்களின் அறவுணர்வைத் தூண்டுவதால் அதைப் பற்றி நீண்ட உரைகள் எழுகின்றன. இரண்டாவது கேள்வி வருவாய்க் கணக்கு, நில உரிமை, வாரிசுமுறை ஆகிய வறண்ட செய்திகளைக் கோருவதால் பெரும்பாலும் ஓரிரு வாக்கியங்களில் கடந்துபோய்விடுகிறது. சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பதற்காக 1927 முதல் 1947 வரை நடந்த சட்ட முயற்சிகள், இந்த இரண்டு கேள்விகளும் ஒரே அவையில் எவ்வளவு மாறுபட்ட விதங்களில் கையாளப்பட்டன என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன. இம்முயற்சிகளிலிருந்து இரண்டு சட்டங்கள் பிறந்தன. அவற்றில் 1947ஆம் ஆண்டுச் சட்டமே இன்று கொண்டாடப்படுகிறது; ஆயினும் காக்கப்பட வேண்டிய பெண்களின் பிழைப்பைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது 1929ஆம் ஆண்டின் சிறிய திருத்தச் சட்டமே என்பதை இரண்டின் விதிகளையும் அருகருகே வைத்துப் படிப்போர் உணரலாம்.

பொட்டுக்கட்டுதல் என்பது, பருவமெய்தாத ஒரு சிறுமியைக் கோயில் இறைவனுக்கு மணம் செய்விப்பதாகக் கருதி அவள் கழுத்தில் பொட்டுத்தாலி கட்டும் சடங்கு. அச்சடங்குக்குப்பின் அவள் வேறொருவருக்கு மனைவியாக முடியாது. கோயிலில் ஆடல், பாடல், கும்பாரத்தி எடுத்தல், திருவிழா ஊர்வலத்தில் உடன்செல்லுதல் முதலிய பணிகளுக்கு உரிய தேவதாசியாவாள். இப்பணிக்கு ஈடாகப் பல கோயில்களில் இனாம் நிலம், அதாவது தீர்வை முழுவதுமோ ஒரு பகுதியோ தள்ளுபடி செய்யப்பட்ட மானிய நிலம், அவள் குடும்பத்தின் அனுபோகத்தில் இருந்தது. பணி நின்றால் நிலமும் போய்விடும் என்பதால், ஒரு தலைமுறையின் நிலத்தைக் காப்பாற்ற அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியே தீர வேண்டிய நெருக்கடி குடும்பங்களுக்கு இருந்தது. செல்வரின் ஆதரவில் வாழும் நிலையும், ஆதரவு அற்றபோது உடலை விற்கும் நிலையும் இவ்வாழ்க்கையோடு பிணைந்திருந்தன. அதே வேளையில், எழுத்தறிவும் இசையறிவும் பெற்றுத் தம் பெயரில் சொத்து வைத்திருந்த பெண்களும், தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் வாரிசுரிமையும் இச்சமூகத்தில் இருந்தன. பிற சாதிப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அக்காலத்தில் இவை எட்டாதவை. இந்த இரண்டு உண்மைகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவர்களே சட்டசபைக்கு உள்ளேயும் வெளியேயும் உரக்கப் பேசினர் என்பது இவ்வரலாற்றின் பெரும் குறை.

இவ்வழக்கத்துக்கு எதிரான சட்ட வழி 1927க்கு முன்பே ஓரளவு திறந்திருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள், வயது நிரம்பாத பெண்ணை விபசாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கின. அவற்றில் பதினாறு என்றிருந்த வயது வரம்பு 1924இல் பதினெட்டாக உயர்த்தப்பட்டது. ஆனால் கோயிலில் நடந்த சடங்கை மட்டும் காட்டிக் குற்றத்தை மெய்ப்பிக்க முடியாது; அச்சடங்கு விபசாரத்தை நோக்கியது என்பதையும் அரசுத் தரப்பு நிறுவ வேண்டியிருந்தது. சடங்கைச் செய்விப்பவர் பெற்ற தாயாகவோ பாட்டியாகவோ இருக்கும்போது அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஊரில் எவரும் முன்வருவதில்லை. நீதிமன்றங்களும் ஒருமித்து நிற்கவில்லை: தேவதாசிகள் பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் வழக்கத்தைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 1880இல் ஏற்க மறுத்தது, சென்னை உயர் நீதிமன்றமோ அதைச் சில வரம்புகளோடு ஏற்றுவந்தது. சுதேச சமஸ்தானமாகிய மைசூர் தன் ஆளுகைக்குட்பட்ட கோயில்களில் 1909ஆம் ஆண்டளவிலேயே இப்பணியை நிறுத்திவிட்ட செய்தி சென்னையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது. மன்னரின் ஓர் ஆணையால் அங்கு முடிந்தது, இங்கு உறுப்பினர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியதாக இருந்தது.

பேசிய அவையின் அமைப்பையும் நோக்க வேண்டும். 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சி எனப்படும் முறையைக் கொண்டுவந்தது. கல்வி, உள்ளாட்சி, அறநிலையங்கள் முதலிய துறைகள் அவைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் மாற்றித் தரப்பட்டன. நிதி, காவல், நீதி, நில வருவாய் ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே ஒதுக்கி வைக்கப்பட்டன. வாக்குரிமை சொத்துத் தகுதியைப் பொறுத்திருந்தது. பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதற்கு 1921இல் இசைந்த சென்னை அவை, இவ்வகையில் பிற மாகாணங்களுக்கு முன்னோடியாக நின்றது. 1926ஆம் ஆண்டுத் தேர்தலில் மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய சிறு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அதன்பின் அரசின் நியமன உறுப்பினராக அவைக்குள் வந்தவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண்ணாகிய முத்துலட்சுமியை அவையினர் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தனர். சொத்து வரி செலுத்திய தேவதாசிகளும் வாக்காளராகத் தகுதி பெறக்கூடிய காலம் அது. எனினும் தேவதாசி என்னும் நிலையிலேயே இருந்துகொண்டு அவையில் பேசக்கூடியவர் எவரும் அங்கு இல்லை.

1927ஆம் ஆண்டு நவம்பரில் முத்துலட்சுமி ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இளம் பெண்களைக் கோயில்களுக்கு அர்ப்பணிக்கும் வழக்கத்தை நிறுத்த மாகாண அரசு சட்டம் இயற்ற வேண்டும், அது இயலாதெனில் மத்திய அரசைச் சட்டம் இயற்றுமாறு கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் என்பது அரசுக்கு அவை வழங்கும் பரிந்துரையே. அது அரசைக் கட்டுப்படுத்தாது. அவ்வாண்டிலேயே மத்திய சட்டமன்றத்தின் மாநிலங்கள் அவையில் வி. ராமதாஸ் பந்துலு இதையொத்த கோரிக்கையை எழுப்பியபோது, நடப்பிலுள்ள தண்டனைச் சட்டமே போதுமானது என்னும் போக்கிலேயே அரசுத் தரப்பு விடையளித்தது. மாகாண அரசு மத்தியைக் காட்டவும், மத்திய அரசு பழைய சட்டத்தைக் காட்டவும் இடமிருந்த அமைப்பில் ஒரு தீர்மானம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை முத்துலட்சுமி விரைவிலேயே அறிந்துகொண்டார்.

அவர் அவையில் முன்வைத்த வாதங்கள் ஒரு மருத்துவருக்கும் ஒரு தாய்க்கும் உரியவை. தன் விருப்பத்தைச் சொல்லும் வயது வருவதற்கு முன்பே ஒரு குழந்தையின் வாழ்க்கை முடிவாகிவிடுகிறது என்பதும், பால்வினை நோய்கள் அவளையும் அவள் குழந்தைகளையும் பற்றுகின்றன என்பதும், சாத்திரத்தின் பெயரால் நடக்கும் இவ்வழக்கம் சமயத்துக்கே இழுக்கு என்பதும் அவற்றின் மையம். இவற்றில் முதலாவது வாதத்துக்கு அன்றும் இன்றும் மறுமொழி கிடையாது. மறுத்தவர்கள் அதைத் தொடாமல் வேறிடங்களில் நின்று பேசினர்: மரபில் கை வைக்கக்கூடாது என்றனர், ஆடற்கலை அழியும் என்றனர், சட்டத்தால் ஒழுக்கத்தை உண்டாக்க முடியாது என்றனர். காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்திக்கும் முத்துலட்சுமிக்கும் இடையில் நடந்ததாக மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சொற்போர், இந்த நெடிய விவாதத்தை இரண்டு ஆளுமைகளின் மோதலாகச் சுருக்கிவிட்டது. அவ்வாறு சுருங்கியதில் இழப்புக்குள்ளானது, தேவதாசிகள் தாமே எழுப்பிய வாதம்.

அவைக்குள் இடமில்லாத அப்பெண்கள் மனுக்களின் வழியே பேசினர். தீர்மானத்தை ஒட்டிச் சென்னையில் தேவதாசிகள் சங்கம் கண்டு, அரசுக்கும் உறுப்பினர்களுக்கும் விண்ணப்பங்கள் அனுப்பினர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற புகழ்பெற்ற இசைக்கலைஞர்களும் எதிர்ப்பில் சேர்ந்தனர். தங்களையும் விபசாரத் தொழில் செய்வோரையும் ஒன்றாக எண்ணுவது தவறு, தங்கள் பணி சமயத் தொண்டு, தங்கள் சமூகத்தில் பெண்ணுக்குள்ள சொத்துரிமையை இச்சட்டம் குலைத்துவிடும், தங்களைக் கேளாமல் தங்களைப் பற்றிச் சட்டம் செய்யக்கூடாது என்பவை அவர்கள் எழுதியவை. சமயமும் இலக்கியமும் கலையும் அடங்கிய கல்வியைத் தங்களுக்குத் தர வேண்டும் என்னும் கோரிக்கையும் அவற்றில் உண்டு. இம்மனுக்களை மரபின் வாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. சிறுமியருக்குச் சடங்கு செய்வித்தல் பற்றி அம்மனுக்கள் தந்த விடை போதாது என்பதும் உண்மையே. ஆயினும் சொத்தைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் அம்மனுக்கள் எழுப்பிய கேள்விகள் அவையில் பேசிய எவரும் முழுமையாக எழுப்பாதவை. அதே சமூகத்திலிருந்து நேர்மாறான குரலும் எழுந்தது. பொட்டுக்கட்டப்பட்டு அவ்வாழ்விலிருந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று ஒழிப்புக்குக் குரல் கொடுத்தார்; 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலையும் வெளியிட்டார். சடங்கைக் குற்றமாக்க வேண்டும் என்று சொன்ன அவரும், சொத்து போய்விடும் என்று அஞ்சிய மனுதாரர்களும் ஒரே வாழ்க்கையின் இரு முனைகளை அறிந்திருந்தனர். இருவரையும் ஒருசேர அழைத்துக் கேட்கும் நடைமுறை எதுவும் அந்த அவையிடம் இருக்கவில்லை.

தீர்மானத்தால் மட்டும் பயனில்லை என்று கண்டபின், முத்துலட்சுமி இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததில் அவருடைய கூர்மை புலப்படுகிறது. தண்டனைச் சட்டத்தை மாற்றுவதாயின் தலைமை ஆளுநரின் முன்னனுமதி முதலிய தடைகள் குறுக்கிடும். அறநிலையங்களோ அமைச்சரிடம் மாற்றித் தரப்பட்ட துறை, அதற்கான சட்டத்தையும் அப்போதுதான் அவை நெடிய போராட்டத்துக்குப்பின் நிறைவேற்றியிருந்தது. எனவே சடங்கைத் தொடாமல், சடங்கைத் தாங்கி நின்ற நிலத்தைத் தொட அவர் முனைந்தார். 1929இல் நிறைவேறிய ஐந்தாம் எண் சட்டத்தின்படி, தேவதாசிப் பணிக்காக வழங்கப்பட்ட இனாம் நிலங்கள் அப்பணி நிபந்தனையிலிருந்து விடுவிக்கப்பட்டன; ஒரு சிறு தீர்வையைச் செலுத்திக்கொண்டு நிலத்தை அனுபவிப்போரே அதை வைத்துக்கொள்ளலாம்; அந்நிலத்தைக் காரணம் காட்டிக் கோயில் நிர்வாகிகள் எந்தப் பெண்ணையும் பணிசெய்யக் கட்டாயப்படுத்த முடியாது. இது முற்றிலும் புதிய உத்தியும் அன்று. 1858 முதல் இயங்கிய இனாம் கமிஷன், கிராம ஊழியர்களுக்கும் பிறருக்கும் உரிய இனாம்களை இவ்வாறே நிபந்தனையிலிருந்து விடுவித்திருந்ததால், வருவாய்த் துறைக்கு நடைமுறை பழகியிருந்தது. அவைக்கும் அது அச்சம் தரவில்லை. மகளுக்குப் பொட்டுக்கட்டாவிட்டால் நிலம் போய்விடும் என்னும் கட்டாயத்தைச் சட்டம் அறுத்தது, யாரையும் சிறைக்கு அனுப்பாமலும் யாரையும் இழிசொல்லால் குறிக்காமலும்.

இச்சட்டத்துக்கும் எல்லைகள் இருந்தன. நிலமில்லாத தேவதாசிக்கு இதனால் எதுவும் கிட்டவில்லை. சடங்கு சட்டபூர்வமாகவே தொடர்ந்தது. விடுவிக்கப்பட்ட நிலம் நடைமுறையில் யார் கைக்குப் போனது என்பதிலும் சிக்கல் உண்டு. மானிடவியலாளர் அம்ரித் சீனிவாசன் 1985இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், நட்டுவனார்களும் நாகசுரக் கலைஞர்களுமாகிய அச்சமூகத்து ஆண்களே சீர்திருத்தத்தால் கூடுதல் பயன் பெற்றனர் என்று வாதிட்டார். பெண்வழி வாரிசுமுறையில் தங்கைக்கும் அவள் மகளுக்கும் பின்னால் நின்ற ஆண்கள், குடும்பம் தந்தைவழிக்கு மாறியபோது முன்னிலைக்கு வந்தனர் என்பது அவ்வாதத்தின் அடிப்படை. இசை வேளாளர் என்னும் பெயரில் ஒருங்கிணைந்த சங்கங்கள் ஒழிப்பை ஆதரித்ததையும் இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நிலம் பெண்ணின் பெயரிலேயே நிலைக்கவும் அவள் மகளுக்கே இறங்கவும் ஒரு விதியை அவை சேர்த்திருந்தால், இச்சட்டம் இந்திய அளவில் பெண்ணின் சொத்துரிமைக்கு ஒரு முன்னோடியாக நின்றிருக்கும்.

1930இல் முத்துலட்சுமி இரண்டாவது மசோதாவைக் கொண்டுவந்தார். இது சடங்கையே சட்டவிரோதமாக்க முனைந்தது. தனி உறுப்பினர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்படுவது அக்கால வழக்கம். கருத்தறிதல் நல்ல நடைமுறைதான்; எனினும் எதிர்த்து வாக்களிக்கக் கூசிய உறுப்பினர்களுக்கு அது வசதியான தாமதமாகவும் பயன்பட்டது. உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் கைதானதை எதிர்த்து அவ்வாண்டிலேயே முத்துலட்சுமி பதவி விலகினார். அவர் வெளியேறியதும் மசோதாவை இடைவிடாமல் துரத்திச் செல்ல அவையில் ஆள் இல்லாமல் போயிற்று. பம்பாய் மாகாணம் 1934இல் தேவதாசிகள் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோதும் சென்னை அசையவில்லை. 1937இல் பொறுப்பேற்ற காங்கிரஸ் அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியது. அதன்பின் 1946 வரை ஆளுநரின் நேரடி ஆட்சி நடந்ததால் சட்டசபையே கூடவில்லை. 1930 முதல் 1947 வரையிலான பதினேழு ஆண்டுகள் என்பது ஒரு சிறுமி பிறந்து, பொட்டுக்கட்டப்பட்டுத் தானும் தாயாவதற்குப் போதுமான காலம். பாதிக்கப்பட்டோரின் துயரத்தை ஒரே ஓர் உறுப்பினர் தோளில் ஏற்றிவைத்திருந்த அவைக்கு இத்தாமதத்தில் பெரும்பங்கு உண்டு.

ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் முதன்மை அமைச்சராக இருந்தபோது, 1947இன் 31ஆம் எண் சட்டமாக ‘சென்னை தேவதாசிகள் (அர்ப்பணிப்புத் தடுப்பு) சட்டம்’ நிறைவேறியது. அர்ப்பணிப்பு சட்டவிரோதமாக்கப்பட்டது, அர்ப்பணிக்கப்பட்ட பெண் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது என்று இனி யாரும் சொல்ல முடியாது என்று விதிக்கப்பட்டது. இந்த இரண்டாவது விதி மிக மதிப்புடையது. பொட்டுத்தாலி ஒரு பெண்ணின் எதிர்காலத்தின் மீது போட்ட பூட்டைச் சட்டம் அதன்வழி திறந்துவிட்டது. ஆனால் இதே சட்டம் வேறு இரண்டு செய்திகளையும் சொல்கிறது. சடங்கைச் செய்வோர்க்கும் அதில் பங்கேற்போர்க்கும் ஆறு மாதம் வரை சிறையோ ஐந்நூறு ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கும் பிரிவு, பதினாறு வயது நிரம்பியவர்களில் அச்சடங்குக்கு உட்படும் பெண்ணையும் தண்டனைக்கு உரியவராக ஒரு விளக்கக் குறிப்பின் வழியே சேர்த்துக்கொள்கிறது. யாரைக் காக்க இச்சட்டம் எழுதப்பட்டதோ அவளே அதன்படி குற்றவாளியாகவும் நிற்க நேரும். பதினாறு வயதுப் பெண் தாயையும் பாட்டியையும் கோயிலாரையும் மீறி மறுக்கும் நிலையில் இருந்தாள் என்று கருதினாலன்றி இவ்விதிக்கு நியாயம் கற்பிக்க இயலாது. அவளை அஞ்சவைப்பதால் சடங்கு நிற்கும் என்று எண்ணியிருக்கலாம். ஆனால் சிறைக்கு அஞ்சும் பெண் காவல் நிலையத்துக்குப் புகார் கொண்டுவரவும் அஞ்சுவாள் என்பது அவ்வெண்ணத்தில் விடுபட்டது.

மற்றொன்று, கோயில் வளாகத்திலும் இறைவன் ஊர்வலத்திலும் திருவிழாவிலும் பெண் ஆடுவதையே தடைசெய்யும் விதி. அர்ப்பணிப்பு என்னும் தீமையையும், பல தலைமுறையாகப் பேணிய கலையையும், சட்டம் ஒரே வீச்சில் வெட்டியது. கலையைப் பற்றிய சர்ச்சை 1932ஆம் ஆண்டிலேயே முத்துலட்சுமிக்கும் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயருக்கும் இடையே ‘தி இந்து’ நாளிதழின் பக்கங்களில் நடந்து முடிந்திருந்தது. சென்னை மியூசிக் அகாடமி மேடையிலும் 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரத்திலும் அந்த ஆடல் பரதநாட்டியமாக மதிப்புப் பெற்றுவிட்டது. ஆகவே 1947இன் தடை, ஆடலை நிறுத்தவில்லை. அதற்கு உரிய குடும்பத்துப் பெண்கள் ஆடுவதையே நிறுத்தியது. 1981 முதல் சிதம்பரத்தில் ஆண்டுதோறும் நாட்டியாஞ்சலி நடக்கிறது, பிற கோயில்களிலும் பெண்கள் ஆடுகின்றனர். அதைக் குற்றமென்று எவரும் கருதுவதில்லை, கருதவும் கூடாது. ஆனால் அவ்விடங்களில் ஒருகாலத்தில் ஆடியவர்களின் பேத்திகளுக்கு அந்தத் தடையின் நினைவு வேறாகவே இருக்கும். இதே 1947ஆம் ஆண்டில் இதே சட்டசபை ஆலயப் பிரவேச உரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவைத் திறந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே அவை உரிமை வழங்கியது. இங்கே ஒழுக்கத்தைக் காக்க முனைந்தது. உரிமையின் மொழியில் பேசியபோது தெளிவாக இருந்த அவை, ஒழுக்கத்தின் மொழிக்கு மாறியபோது தடுமாறியது.

இத்தடுமாற்றத்துக்குச் சீர்திருத்தத் தரப்பின் சொல்லாட்சியும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. முத்துலட்சுமி அப்பெண்களை இழிவாக எண்ணியவர் அல்லர். விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட சிறுமியருக்குத் தம் வீட்டையே திறந்துவிட்டு, 1930களின் தொடக்கத்தில் ஔவை இல்லத்தை நிறுவியவர் அவர். சிறுமியருக்கு உணவு, உறைவிடம், கல்வி, தொழிற்பயிற்சி ஆகிய அனைத்தும் வேண்டும் என்பதை அவர் அன்றாடம் கண்டறிந்திருந்தார். ஆனால் அவைக்குள் உறுப்பினர்களை அசைக்க நோயும் ஒழுக்கக்கேடுமே ஏற்ற வாதங்களாக இருந்தன. அவ்வாதங்கள் வென்றபோது சட்டமும் அவற்றின் வடிவிலேயே அமைந்தது. ஔவை இல்லத்தில் அவர் நன்கொடை திரட்டிச் செய்த பணிகளில் ஒன்றுகூட 1947இன் சட்டத்தில் அரசின் கடமையாக எழுதப்படவில்லை. மறுவாழ்வு, உதவித்தொகை, கல்வி எதற்கும் அதில் ஒரு பிரிவும் இல்லை.

பிற மாநிலங்கள் பின்னர் தம் சட்டங்களைத் திருத்தி எழுதின. கர்நாடகம் 1982இலும் ஆந்திரப் பிரதேசம் 1988இலும் புதிய தடைச் சட்டங்களை இயற்றின. மகாராஷ்டிரம் 2005இன் சட்டத்தில் தடையோடு மறுவாழ்வையும் இணைத்தது. தமிழ்நாட்டில் இப்பணி சட்டத்தின் வழியே அன்றி நிதிநிலை அறிக்கையின் வழியே, நெடுநாள் கழித்து, வேறு பெண்களை நோக்கி வந்தது. ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவ 1989இல் தொடங்கப்பட்ட திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நிதிநிலை அறிக்கை அதை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க வகை செய்தது. அத்தொகை மாணவியின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்கிறது. 1929இல் விடுவிக்கப்பட்ட நிலத்துக்கு அத்தகைய ஏற்பாட்டை அவை செய்யவில்லை.